குழந்தைக்கு அடிக்கடி பேதியா? தண்ணீர் எங்கே கெடுகிறது என்று தேடும் முறை

(வீட்டில் குழந்தைக்கு இப்போதே வாந்தி பேதி என்றால், கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

ஊரில் சின்னக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு வந்தால், முதல் வேலை ஒரு தாளும் பேனாவும் எடுப்பது. மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து பிரியும் குழாய், கேட்வால்வுகள் (தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுகள்), தெருக்குழாய்கள் எல்லாவற்றையும் கையால் வரையுங்கள். நோய் வந்த வீடுகளில் புள்ளி வையுங்கள். ஊர் முழுக்கப் புள்ளி பரவியிருந்தால் தொட்டியையோ அதற்குத் தண்ணீர் தரும் போர், கிணற்றையோ சந்தேகப்பட வேண்டும். ஒரு வால்வைத் தாண்டிய வீடுகளில் மட்டும் புள்ளி குவிந்திருந்தால், அந்த வால்வுக்குப் பிறகு குழாயில் எங்கோ சாக்கடை கலக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், பெரும்பாலும் வீட்டுக் குடத்திலும் கையிலும்தான் கோளாறு. எந்த வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே தெருவில் குழாய்த் தண்ணீர் குடித்த பிள்ளைகள் படுத்திருக்க, வேறு தண்ணீர் குடித்தவர்கள் நன்றாக இருந்தால் அது பெரிய தடயம்.

இந்தப் படம் இல்லாமல் ஊர் முழுக்கப் பிளீச்சிங் பவுடரைத் தூவுவதால் பயன் குறைவு. தெருவோரம் கோலம் போட்டதுபோல வெள்ளைக் கோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பவுடர் போய்ச் சேர வேண்டிய இடம் தொட்டித் தண்ணீர்.

குழாய்க்குழி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தண்ணீர் கெடும் இடங்களில் முக்கியமானது இதுதான். அழுத்தம் குறைந்த தெருவில் குழாயில் தண்ணீர் ஏறாது. வீட்டுக்காரர்கள் இரண்டடி பள்ளம் தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, பள்ளத்துக்குள் குடத்தை இறக்கிப் பிடிக்கிறார்கள். சிந்திய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், மழைத் தண்ணீர், சில இடங்களில் குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீர், எல்லாம் அந்தப் பள்ளத்தில் தேங்குகிறது.

தண்ணீர் வரும்போது பிரச்சினை தெரியாது, அழுத்தம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் குழாயில் மிச்சமுள்ள தண்ணீர் தாழ்வான தெருவை நோக்கி இறங்கும். மேட்டுப் பகுதிக் குழாயில் வெற்றிடம் உண்டாகி, பள்ளத்தில் கிடப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் தண்ணீர் விட்டதும் அது முதல் குடத்தில் வந்து சேரும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். மோட்டார் இழுக்கும் இழுப்பில், பத்து வீடு தள்ளி விரிசல் விட்ட குழாயைச் சுற்றியிருக்கும் சாக்கடையும் சேர்ந்து வரும்.

செய்ய வேண்டியவை: குழாய் வாயைத் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயர்த்துங்கள், பள்ளத்தை மண் போட்டு மூடி மேலே சிமெண்ட் தளம் போடுங்கள். உயர்த்தினால் தண்ணீர் வராது என்று சொல்வார்கள். அது உண்மையும்கூட. அதனால் தெருவை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து, வால்வு வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நேரத்தில் தண்ணீர் விடும்படி ஊராட்சியில் கேட்க வேண்டும். குழாயை வெட்டுவதால் தீராத குறை, முறை வைத்துத் திறப்பதால் பல இடங்களில் தீரும். அதுவரைக்கும்:

- தண்ணீர் நிற்பதற்கு முன்பே குழாய் வாயை மூடி போட்டு இறுக்குங்கள். ஹோஸ் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். டிரம்மில் மூழ்கிக் கிடக்கும் ஹோஸ் அழுக்கைக் குழாய்க்குள் திருப்பி அனுப்பும்.
- தண்ணீர் வருவதற்கு முன் பள்ளத்தில் தேங்கியதை இறைத்து வெளியே கொட்டுங்கள்.
- முதலில் வரும் இரண்டு வாளித் தண்ணீரைச் செடிக்கோ துணிக்கோ வையுங்கள். கலங்கல் நிற்காவிட்டால் இன்னும் விட்டுவிடுங்கள்.

கேட்வால்வு இருக்கும் சிமெண்ட் பெட்டியையும் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் கறுப்புத் தண்ணீர் நிற்கும் பெட்டியும் குழாய்க்குழியும் ஒன்றுதான். சாக்கடைக்குள்ளேயே ஓடும் நீல பி.வி.சி. குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும். கோடைக்குப் பின் வரும் முதல் மழைக்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் தெருவில் காய்ந்து கிடந்த அசுத்தம் முழுவதையும் முதல் மழைதான் பள்ளங்களில் சேர்க்கிறது.

மேல்நிலைத் தொட்டி

பிளீச்சிங் பவுடரின் வேலை அதிலுள்ள குளோரினால் நடக்கிறது. புதுப் பவுடரில் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குளோரின் கிடைக்கும். மூட்டையைப் பிரித்து வைத்தால் ஈரமும் வெயிலும் பட்டு நாளுக்கு நாள் குறையும். வாசனை போய், கட்டிதட்டி, சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்ட பவுடரை எவ்வளவு போட்டாலும் பயனில்லை. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் செம்பும் இரும்பும் அரித்துப்போகும். டீசல், எண்ணெய், யூரியா பக்கத்தில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

அளவு: 25 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். ஒருமுறை தராசில் 120 கிராம் நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, மட்டத்தில் கோடு கிழித்துக்கொண்டால் தினமும் கையால் அள்ளிப் போடும் வேலை இருக்காது.

பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. கட்டியாக அடியில் போய் உட்காரும், ஒரு வீட்டுக்கு மூக்கைத் துளைக்கும் வாசனையும் இன்னொரு வீட்டுக்கு வெறும் தண்ணீரும் போகும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம், 120 கிராம் என்றால் இரண்டு வாளியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அடியில் தங்கிய சுண்ணாம்பைத் தள்ளிவிடுங்கள். தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது, பாதி அளவில் ஊற்றினால் விழுகிற தண்ணீரே கலக்கிவிடும். நிரம்பிய பின் அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கிருமியைக் கொல்ல குளோரினுக்கு அந்த நேரம் தேவை. காலையில் ஒரு தடவை போட்டுவிட்டு மாலையில் மறுபடி ஏற்றிய தண்ணீரை அப்படியே விட்டால், மாலைத் தண்ணீர் குடித்த பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை. ஏற்றும் ஒவ்வொரு முறையும் போட வேண்டும்.

போட்டது போதுமா என்று பார்க்க குளோரோஸ்கோப் பெட்டி இருக்கிறது, ஊராட்சியில் கேளுங்கள். கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, பெட்டியில் சொன்ன அளவு ஆர்த்தோடொலிடின் சொட்டுகள் விட்டு, பத்து விநாடிக்குள் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். தாமதித்தால் கழிவோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினும் நிறம் காட்டும், அளவு கூடுதலாகத் தெரிந்து ஏமாந்துவிடுவோம். சோதித்த தண்ணீரைக் குழந்தைகள் கைபடாமல் கொட்டிவிடுங்கள், அந்த மருந்து நச்சு.

சோதனையைத் தொட்டியடியில் மட்டும் செய்து நோட்டில் எழுதிவிடுவதில் அர்த்தமில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணயம். வாந்தி பேதி பரவும் நாட்களில் அங்கே 0.5 இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் 1000 லிட்டருக்கு 1 கிராம் கூட்டிப் பாருங்கள். தொட்டியடியில் நல்ல மஞ்சள், நாலாவது தெரு வரை மஞ்சள், ஐந்தாவது தெருவில் திடீரென்று நிறமே இல்லை என்றால், இடையில் நுழைந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள். தோண்ட வேண்டிய இடம் அந்த நாலாவது தெருவுக்கும் ஐந்தாவது தெருவுக்கும் நடுவில். நோய்ப் புள்ளிகளும் அதே இடத்தில் குவிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

'மருந்து வாசம் அடிக்கிறது' என்று டேங்க் ஆபரேட்டரிடம் சண்டை போடாதீர்கள். நாலு பேர் சத்தம் போட்டதும் அவர் பவுடரை நிறுத்திவிடுவார், பாதிக்கப்படுவது நம் வீட்டுப் பிள்ளைகள். லேசான வாசம் இருப்பது நல்ல அடையாளம். பிடித்து மூடி ஒரு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும். தண்ணீரை வடித்து, சுவரையும் தரையையும் தேய்த்து, வண்டலை வாஷ் அவுட் வால்வு வழியாக வெளியேற்றி, பிளீச்சிங் கரைசலைச் சுவரில் பூசி அரை மணி விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிய பிறகே நிரப்ப வேண்டும். உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடி திறந்திருக்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும். மூடிய தொட்டிக்குள் குளோரின் நெடி மூச்சை அடைத்துவிடும்.

மூடிக்குப் பூட்டு, ஏணிக்குக் கதவு இரண்டும் கட்டாயம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்தது குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தெரிந்தது. அந்தக் கொடுமைக்குப் பூட்டு தீர்வாகாது. ஆனாலும் எந்த ஊரிலும், எந்தத் தெருவின் தொட்டியும் திறந்து கிடக்கக் கூடாது.

கிணறு, அடிபம்பு, ஊருணி

திறந்த கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட: விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் (எல்லாம் அடியில்) × 22. விடை லிட்டரில் வரும். 10 அடி விட்டம், 12 அடி தண்ணீர் என்றால் 26,400 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்ற கணக்கில் 66 கிராம். முன்பு சொன்னபடி கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீருள்ள வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்கடியில் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்க வேண்டாம். இரவில் செய்வது வசதி. பிறகு சோதித்துப் பார்த்து 0.5-க்குக் குறைந்தால் இன்னொரு தடவை போடுங்கள். கலங்கலாக இருக்கும் கிணற்றில் குளோரின் வேலை செய்யாது, முதலில் தூர் வாருங்கள்.

சிறிய வீட்டுக் கிணற்றுக்கு இரட்டைப் பானை முறை இருக்கிறது. ஒரு கிலோ பவுடரையும் இரண்டு கிலோ பருமணலையும் லேசாக ஈரப்படுத்திக் கலந்து, மேல்பகுதியில் 1 செ.மீ. துளையிட்ட சின்னப் பானையில் துளைக்குக் கீழே நிற்கும்படி நிரப்பி, அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் துளையுள்ள பெரிய பானைக்குள் வைத்து, வாயைக் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிடுவது. 4500 லிட்டர் அளவுள்ள கிணற்றுக்கு இரண்டு, மூன்று வாரம் வரும்.

அடிபம்பில் பார்க்க வேண்டியது அடித்தளம். சிமெண்ட் மேடை விரிசல் விட்டிருந்தால் மாடு மிதித்த சேறும் சோப்புத் தண்ணீரும் துளை வழியே நேராக இறங்கும். கழிப்பறைக் குழி 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம் மாவட்டங்களில் பெரும்பகுதி கடினப்பாறை, பாறை இடுக்கு வழியாகக் கழிவு எவ்வளவு தூரமும் போகும். அதனால் தூரத்தை நம்பி விட்டுவிடாமல் வருடம் இரண்டு முறை, குறிப்பாக மழைக்குப் பின், கிருமிச் சோதனை செய்துவிடுங்கள்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணித் தண்ணீர் குடிப்பவர்கள் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைப்பார்கள். கலங்கல் போகும், கிருமி போகாது. தெளிந்ததைக் கொதிக்கவைக்க வேண்டும்.

கேன் தண்ணீரில் பெரும்பாலும் குளோரின் மிச்சம் இருப்பதில்லை, எனவே திறந்த பிறகு உள்ளே போகும் கிருமியைத் தடுக்க எதுவும் இல்லை. உட்புறம் பச்சை படிந்த கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபுளோரைடு உள்ள ஊரில் கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு குறையாது, நீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். அது தனிப் பிரச்சினை, அதற்கு வேறு நீராதாரம்தான் வழி.

சோதனைக்கு மாதிரி எடுப்பதென்றால், ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலிலேயே எடுங்கள். குளோரினை முறிக்கும் மருந்து அதில் இருக்கும், அலசிக் கொட்டிவிடாதீர்கள். குழாய் வாயைத் துடைத்து, தீயால் சுட்டு, ஓரிரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றே சேர்க்க வேண்டும். மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிப்பார்கள். 100 மி.லி. தண்ணீரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிவைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள், தீர்மானத்தில் ஏறினால் குழாய் மாற்றும் வேலை நகரும்.

வீட்டுக்குள்

நல்ல தண்ணீரும் வீட்டில் கெடும். காரணம் டம்ளர். குடத்துக்குள் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் நகம் தண்ணீரில் படும். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட அம்மாவின் கை, மண்ணில் விளையாடிய அண்ணனின் கை, எல்லாம் அதே குடத்தில். அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வாங்க முடிந்தால் அதுவே போதும். இல்லையென்றால் குறுகிய வாயுள்ள குடத்திலிருந்து சாய்த்து ஊற்றுங்கள், அல்லது நீளக் காம்புள்ள கரண்டியைத் தனியாக வைத்து, ஆணியில் மாட்டுங்கள். தரையில் வைத்தால் கரண்டியாலும் பலன் இல்லை. பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீரை ஊற்றாமல், காலி செய்து, உள்ளே தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். விரலால் தடவினால் வழவழப்பு இருக்கக் கூடாது.

கொதிக்கவைப்பதென்றால், பெரிய குமிழி வந்து தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். ஆறுவதற்காகப் பச்சைத் தண்ணீர் கலப்பதும், வேறு குடத்துக்கு மாற்றுவதும் கொதிக்கவைத்ததை வீணாக்கிவிடும். குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமியும் கொதியில் சாகும், அதனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொதிக்கவைத்துக் கொடுப்பது நல்லது.

ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம். வெயில் காலத்திலும் தாய்ப்பாலில் தேவையான தண்ணீர் இருக்கிறது. பிறந்ததும் சேனை வைப்பது, குளிக்க வைத்ததும் உரைமருந்து புகட்டுவது, கிரைப் வாட்டர் கொடுப்பது எல்லாம் கிருமிக்கு முதல் வாசலைத் திறந்துவிடும். பெரியவர்கள் ஆசையோடு செய்வதுதான், பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். பால்புட்டியின் ரப்பரை முழுக்கச் சுத்தம் செய்வது கடினம். பாலாடையும் கரண்டியும் கொதிநீரில் போட்டெடுக்க எளிது.

குழந்தையின் மலத்தைக் கழிப்பறையில் போடுங்கள், வாசல் சாக்கடையில் அலசாதீர்கள். கால் கழுவிவிட்ட பின்னும் ஊட்டுவதற்கு முன்னும் சோப்பு. பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தண்ணீரைவிடக் கை வழியாகவே எளிதில் பரவும். அதற்கான சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

பேதி தொடங்கிவிட்டால்

உயிரைப் பறிப்பது பேதியால் உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும். முதல் தடவை தண்ணீராகப் போனதுமே ஓ.ஆர்.எஸ். (பாக்கெட்டில் வரும் உப்பு சர்க்கரைக் கரைசல்) தொடங்குங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்துக்கொள்ளலாம். பாதிப் பவுடரை ஒரு டம்ளரில் போட்டால் உப்பு கூடிப் பேதி அதிகமாகும். சர்க்கரை சேர்க்காதீர்கள், கரைத்த பின் சூடாக்காதீர்கள், 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். டப்பாவில் வரும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. பாக்கெட் கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும்.

ஒவ்வொரு முறை பேதியானதும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சி, மோர், குழைந்த பருப்புச் சாதம், இட்லி, வாழைப்பழம் கொடுக்கலாம். கடுங்காப்பி, சோடா, குளுக்கோஸ் பவுடர் வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது.

கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10 மி.கி., தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து. பேதி மூன்றாம் நாள் நின்றுவிட்டாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும், குடல் ஆறவும் அடுத்த பேதியைத் தள்ளிப்போடவும் அதுதான் உதவும். கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் கேளுங்கள்.

உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தால் அது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். தொக்கம் எடுக்கவோ குடலேற்றம் தட்டவோ தூக்கிக்கொண்டு போகும் அந்த ஒரு மணி நேரத்தில் இன்னும் வற்றிவிடும். கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாக அமர்வது, துவண்டு கிடப்பது, எதையும் குடிக்க முடியாமல் போவது, மலத்தில் ரத்தம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பேதி என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமல் கிளம்புங்கள். போகும் வழியிலும், குழந்தை விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், ஸ்பூன் ஸ்பூனாக ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள்.